பியூலாவின் சால்வை

நிச்சயதார்த்தத்துக்கு வந்திருந்த சம்பந்தி வீட்டுப் பெண்கள், பியூலாவின் தோளில் கிடந்த வெள்ளைக் கம்பளிச் சால்வையை மாறி மாறித் தொட்டுப் பார்த்தார்கள். நடுவில் இலை இலையாகத் துளைகள், ஓரத்தில் தேன்கூடு போலப் புடைத்த பின்னல்.

"நானே பின்னினது" என்றாள் பியூலா.

பின் பெஞ்சில் இருந்த ஓரகத்தி தெபோராளுக்குக் காது கொதித்தது. மழைக்காலம் முழுக்கக் கைக்கொரு ஊசியாகப் பிடித்துக் கண் எரிய அதைப் பின்னி, குளிருமே என்று இவளுக்குக் கொடுத்தவள் அவள்தான். நாலு பேர் நடுவில் எதற்கு என்று பல்லைக் கடித்துக்கொண்டாள்.

பியூலா பின்பக்கம் தெபோராளைக் கைகாட்டினாள். "அக்காவுக்கும் நான்தான் சொல்லிக் குடுத்தேன். மண்டையில ஏறவே மாட்டேங்குது."

பெண்கள் சிரித்தார்கள்.

கடைசி இழையை எங்கே செருகி ஒளித்திருக்கிறோம் என்பது பின்னியவளுக்குத்தான் தெரியும். தெபோராள் குனிந்து, பியூலாவின் முதுகில் தொங்கிய ஓரத்திலிருந்து அதை நகத்தால் நெம்பி எடுத்தாள். இழுத்தாள். கண்ணி கண்ணியாக விட்டுக்கொண்டு வந்தது. தேன்கூடு போயிற்று, இலைகள் போயின. அவள் கையில் நூலுருண்டை பருத்தது. எதிரே இருந்தவர்களின் சிரிப்பு நின்ற பிறகுதான் பியூலா திரும்பினாள்.

"ஐயோ, என்னக்கா பண்றீங்க?"

தெபோராள் உருண்டையை அவள் மடியில் வைத்தாள். பையிலிருந்து பின்னல் ஊசிகளை எடுத்து நீட்டினாள்.

"விட்ட எடத்துலேர்ந்து பின்னு. எல்லாரும் பாக்கட்டும்."

பியூலா வாங்கினாள். இரண்டு ஊசிகளையும் ஒரே கையில் பிடித்தாள்.