மாமனாருக்கு ஒரு விமானம்

மாமனார் முதலில் சொன்னது "இதை யார் கேட்டா?" என்பதா, "இதை யார் செய்யச் சொன்னா?" என்பதா என்று இப்போது நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. மகளைக் கேட்டால் ஒன்று சொல்வாள், அவள் புருஷனைக் கேட்டால் இன்னொன்று. எதுவானாலும், அதை அவர் மருமகனின் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை. அது மட்டும் உறுதி.

கல்யாணமான நாளிலிருந்து அவர் அவனிடம் நேராகப் பேசியதே இல்லை. ஒரே மேசையில் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிடும்போதுகூட, "உன் புருஷன்கிட்ட அந்த உப்பை இந்தப் பக்கம் தள்ளச் சொல்லு" என்பார். மகள்தான் நடுவில் தபால்காரி.

"ஒரு தடவை 'மாப்பிள்ளை'ன்னு கூப்பிட்டா வாயில இருக்கிற முத்து கொட்டிடுமா?" என்று அவன் மனைவியிடம் பொருமுவான். இத்தனைக்கும் அந்த வாயில் இருந்த பல்செட்டே அவன் செய்து கொடுத்ததுதான். அவன் தொழில் அது.

அந்த ஒரு வார்த்தைக்காக அவன் எதையும் செய்வான் என்பது மனைவிக்குத் தெரியும். அவள்தான் வழி சொன்னாள்.

"அப்பாவுக்கு விமானம்னா உயிர். நீங்களே பார்த்திருக்கீங்களே?"

பார்த்திருக்கிறான். வானத்தில் சத்தம் கேட்டால் போதும், கிழவர் கையிலிருப்பதைப் போட்டுவிட்டு வாசலுக்கு ஓடுவார். அண்ணாந்து நின்றால், சத்தம் அடியோடு ஓயும்வரை உள்ளே வரமாட்டார்.

"அன்னைக்குக் கடைத்தெருவுல, பொம்மைக் கடைக் கண்ணாடி முன்னால ஆணி அடிச்ச மாதிரி நின்னுட்டார். உள்ள ஒரு பெட்டி. யுத்த காலத்து குண்டுவீச்சு விமானம், நாமளே ஒட்டிச் செய்யறது. நான் கையைப் பிடிச்சு இழுத்தும் நகரலை. அதைச் செஞ்சு குடுங்க. மனுஷன் இறங்கி வருவார்."

மழைக்காலம் முழுக்க அவன் அதோடு மல்லுக்கட்டினான். பிளாஸ்டிக் சட்டத்திலிருந்து பாகங்களை ஒவ்வொன்றாக நறுக்கினான். பல் செதுக்கும் கத்தியால் விளிம்புகளைச் சீவி, இறக்கை சேரும் இடத்தில் கோடு தெரியாமல் தேய்த்தான்.

கட்டைவிரல் நகம் அளவுள்ள கண்ணாடிக் கூண்டுக்கு டேப் ஒட்டி, சட்டங்களுக்கு மட்டும் வண்ணம் பூசினான். விமானியின் இருக்கைக்கு வார்கூட வைத்தான். மேல்பக்கம் பச்சையும் பழுப்பும், அடிப்பக்கம் வெளிர்நீலம். படைச் சின்ன ஒட்டுத்தாள்களைத் தண்ணீரில் ஊறவைத்து இறக்கையில் வழுக்கி ஒட்டியபோது மூச்சையும் அடக்கிக்கொண்டான்.

அதைத்தான் அன்று, மாமனாரின் பிறந்தநாள் அதுவுமாக, அவர் முன்னால் கொண்டுவந்து வைத்திருந்தான்.

அவர் இருக்கையைப் பார்க்கவில்லை, கூண்டைப் பார்க்கவில்லை. இரண்டு கையாலும் விமானத்தைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்து, அதன் அடியை அண்ணாந்து பார்த்தார்.

"உன் புருஷனுக்குக் கண்ணு அவிஞ்சு போச்சா? வயிறு இப்படியா இருக்கும், தொட்டில் துணி மாதிரி? எண்ணெய் வழிஞ்சு கறுத்திருக்கும்."

"பெட்டியில போட்டிருக்கிற நிறம்தான் அடிச்சிருக்கேன்னு சொல்லு" என்றான் அவனும், மனைவியைப் பார்த்து.

"வயித்துல குண்டு விழறதுக்கு ரெண்டு கதவு இருக்கே, அதை ஏன் மூடி ஒட்டியிருக்கான்? திறந்து தொங்கணும். கேளு அவனை."

"திறந்து வெச்சா பார்க்க அசிங்கமா இருக்கும்னு சொல்லு."

"அசிங்கமாம்!" மாமனார் சிரித்தார். பல்செட் கடகடத்தது. "பல்லுக்கு அச்செடுக்கிறவன் புத்தி வேற எங்க போகும்?"

அவர் கீழே இறக்கும்போது விமானம் மேசை விளிம்பில் இடித்து, ஒரு சக்கரம் டக்கென்று முறிந்து தரையில் உருண்டது.

"வேணும்னே உடைக்கிறார்!" அவன் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தான்.

"ஏங்க, விடுங்க. வயசானவர்..."

"நீ சும்மா இரு. மாமா, நான் தங்கத்துல செஞ்சாலும் நீங்க நொட்டைதான் சொல்லுவீங்க. உங்க பொண்ணு என்னைக் கட்டிக்கிட்டா. கொலையா பண்ணிட்டா? இன்னும் எத்தனை காலத்துக்கு இந்தப் பழி?"

மாமனார் குனிந்து முறிந்த சக்கரத்தை எடுத்தார்.

"விமானத்தைப் பத்தி அக்கு வேற ஆணி வேறயா தெரியுதே, அதையும் சொல்லிடுங்க. உங்க சீட்டு எது? முன்னால உட்கார்ந்து ஓட்டினீங்களா, இல்ல குப்புறப் படுத்து குண்டு போட்டீங்களா? சொல்லுங்க, அங்கேயே ஒரு பொம்மையை உட்கார வெச்சுடறேன்!"

அந்த வீட்டுக்கு மௌனம் புதிதல்ல. ஆனால் எப்போதும் அது ஒருவர் மீது ஒருவர் எறிகிற மௌனம். இது யார் மீதும் படாமல் மேசை நடுவில் கிடந்தது. மகள் அப்பாவைப் பார்த்தாள். அவன் மூச்சிரைக்க நின்றான்.

கிழவர் மெல்லக் கழுத்தைத் திருப்பினார். முதல்முறையாக அவன் கண்ணைப் பார்த்தார்.

"நான் அதுல போனவன் இல்ல, மாப்பிள்ளை. அது குண்டு போட்டப்போ கீழ இருந்தவன்."