ரானே பட்டன்

கோல்ஃப் நட்சத்திரம் ரானே ஓய்வுபெற்ற பிறகு அந்த ஆட்டத்தைப் பார்க்க ஆளே இல்லாமல் போனது. அதனால் டிவி ரிமோட்டில் ஒரு பட்டன் வந்தது. அதை அழுத்தினால், யார் ஆடினாலும் ரானேவின் முகமும் நடையும்தான் தெரியும்.

கோப்பையோடு வீட்டுக்கு வந்த மகன் அஸ்வத்தைச் சிவசைலம் கட்டிக்கொண்டார். "உன் ஆட்டத்த ஒரு அடி விடாம பார்த்தேன்டா!"

"வாங்கப்பா, சேர்ந்து பார்ப்போம்" என்று அஸ்வத்தே டிவியில் நேற்றைய ஆட்டத்தின் பதிவைப் போட்டான்.

கடைசிக் குழியில் பந்தைப் போட்டுவிட்டுக் கையை உயர்த்தியவர் ரானே. நேற்று இந்த இடத்தில்தான் சிவசைலம் எழுந்து நின்று, "ரானே! ரானே!" என்று கத்தியிருந்தார். முகம் சுண்டிப்போய் ரிமோட்டைத் தேடினார்.

"இருக்கட்டும்ப்பா" என்றான் அஸ்வத், திரையைவிட்டுக் கண்ணை எடுக்காமல். "நல்லாத்தான் ஆடுறாரு."