இரவல் பசுக்கள்

மாப்பிள்ளையின் அம்மா நேராக அடுக்களைக்கே வந்துவிட்டார்.

பெண் பார்க்க வந்தால் முன்னறையில் உட்கார்ந்து நேந்திரங்காய் உப்பேரி தின்றுவிட்டுப் போகவேண்டியதுதானே? அடுக்களையைப் பார்த்தால்தான் பெண்ணைத் தெரியும் என்பது எங்கள் பாறசாலைப் பக்கத்து மாமியார்களின் கணக்கு.

நான் சாயாவுக்குத் தண்ணீர் வைத்திருந்தேன். அடுப்பில் எங்கள் கோபர் கேஸ் நீலமாக எரிந்துகொண்டிருந்தது.

கோபர் கேஸ் என்பது வெளியே சொல்வது. சாணத்தொட்டியில் அப்பா கக்கூஸ் குழாயையும் சேர்த்திருந்தார். சிலிண்டருக்குப் பேர் கொடுத்துவிட்டு வருஷக்கணக்காகக் காத்திருந்த காலம். விறகுப் புகையில் அம்மா இருமுவதைப் பார்க்கமுடியாமல்தான் செய்தார். வாடை இல்லை, கரி இல்லை. அம்மாவின் இருமலும் நின்றது.

ஆனால் அம்பூரியிலிருந்து வந்த சம்பந்தம், விஷயம் தெரிந்ததும் மூக்கைப் பொத்திக்கொண்டு போய்விட்டது. இப்போது வந்திருக்கும் மாப்பிள்ளை சஜுவின் வீட்டுக்குத் தெரிந்தால் இதுவும் போய்விடும். எனக்கோ, நெய்யாற்றின்கரை சபை கன்வென்ஷனில் சஜு பாடியதைக் கேட்ட அன்றே பிடித்துப்போயிருந்தது.

எங்களுக்கு இருப்பதோ ஒரே பசு. இத்தனை கேஸுக்குச் சாணம் ஏது என்று யாராவது கேட்டால்? அதனால் காலையிலேயே அப்பா பக்கத்து வீட்டு அம்மிணியக்காவின் பசுக்களை இரவல் வாங்கிவந்து தொழுவத்தில் கட்டிவிட்டார். அவை தங்கள் வீட்டைப் பார்த்துக் கத்திக்கொண்டே இருந்தன.

சஜுவின் அம்மா புஷ்பபாய் மாமி அடுப்பைப் பார்த்தார். ஜன்னல் வழியே பசுக்களைப் பார்த்தார். மறுபடியும் அடுப்பைப் பார்த்தார்.

நான் சாயாவுக்குச் சர்க்கரை அள்ளினேன். சர்க்கரையில் பாதி தரையில் விழுந்தது.

குடிக்கமாட்டார் என்று நினைத்துக்கொண்டேதான் சாயாவை நீட்டினேன்.

மாமி நின்றபடியே முழுவதையும் குடித்தார். பிறகு முன்னறையில் இருப்பவர்களுக்குக் கேட்காதபடி கதவைச் சாத்தினார்.

“பேடிக்காத மக்கா, பயம் ஒண்ணும் வேண்டாம். அம்பூரிக்காரங்க சொல்லி, எல்லாம் அறிஞ்சிட்டுத்தான் இந்த வீடு தேடி வந்தோம். எங்க வீட்டுலயும் இதே கேஸ் ஆக்கும், சஜு கட்டினது. அதைக் கேட்டு ரெண்டு பெண்வீடு ஓடியாச்சு.”

அவர் குரல் இறங்கியது.

“நீயும் வேண்டாம்னு சொல்லிராத.”