இரண்டாவது ஷெட்டுத் தீவனம்

"இன்னொருக்கா போடுங்க டாக்டரம்மா" என்றார் தனபால். எருமப்பட்டியில் இரண்டு ஷெட் கறிக்கோழி வளர்ப்பவர்.

கால்நடை மருத்துவர் அபிநயா மூன்றாவது முறையாக எடை போட்டாள். இரண்டு ஷெட்டிலும் சராசரி இரண்டு கிலோ நூறு கிராம்தான்.

அவளுக்கு முகம் தொங்கிப்போயிற்று. ஆன்டிபயாடிக்கை அடியோடு நிறுத்தச் சொல்லி, மஞ்சள், பூண்டு, கீழாநெல்லி அரைத்த பொடியை முதல் ஷெட்டுத் தீவனத்தில் கலக்க வைத்தவள் அவள்தான். ஒப்பிட்டுப் பார்க்க இரண்டாவது ஷெட்டுக்கு வெறும் தீவனம். முப்பத்தைந்து நாளில் பொடி தின்ற கோழி முந்தியிருக்க வேண்டாமா?

"பொடி வேலை செய்யலீங்கண்ணா. உங்களை வீணா அலைய விட்டுட்டேன்."

தனபால் தராசை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "தழையைத் தின்னு கோழி வளருமாங்க?" என்று முதல் நாளே சிரித்தவர். இப்போதும் சிரிக்கப்போகிறார் என்று நினைத்தாள்.

அவரோ தலையைக் குனிந்தபடி சொன்னார்.

"உங்ககிட்ட ஒன்னு மறைச்சுப்புட்டனுங்க. ஒரு ஷெட்டு போனாலும் இன்னொன்னாச்சும் தேறட்டும்னு, ரெண்டாவது ஷெட்டுக்கு அந்த ஆன்டிபயாடிக் மருந்தை நான் நிறுத்தவே இல்லீங்க. பதினெட்டு வருசமா, அது இல்லாட்டி எடையே ஏறாதுன்னு நம்பிட்டிருந்தனுங்க."

அப்படியென்றால் மருந்தே இல்லாமல், பொடியை மட்டும் தின்ற முதல் ஷெட்டும் அதே எடை! அபிநயா முதல் ஷெட்டுக்குள் போய்த் தானே ஒரு கோழியைத் தூக்கி வந்தாள். கை கொள்ளாமல் கனத்தது.

"இன்னொருக்கா போடலாங்களாண்ணா?"