வயர்ப் புகை

சர்மிளா இரண்டு கையாலும் மண்ணை வாரி, பூரணியின் வாசலில் தூற்றினாள். "எங்க பொழப்புல மண்ணப் போட்டவ குடும்பம் வெளங்குமா? நாசமாத்தான் போவும்!"

கம்பளித் தொப்பி போட்ட சர்மிளாவின் பிள்ளை வினோஜன், தாயின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு மிரள மிரளப் பார்த்தான். மூச்சு இழுக்கிறதென்று நோட்டன் பிரிட்ஜில் அம்மாச்சி வீட்டில் விட்டிருந்த பிள்ளை. நேற்றுத்தான் திரும்பக் கூட்டி வந்திருந்தாள்.

பூரணியின் கதவு நிலையில், கருகிய வயர்களை முறுக்கிக் கட்டிய மாலை ஒன்று தொங்கியது. தேயிலைத் தோட்டத்தின் அந்த வரிசை வீட்டு லயமே, இஸ்தோப்புத் திண்ணைகளில் நின்று வேடிக்கை பார்த்தது.

முந்தாநாள் பிரதேச சபை ஆட்களும் பொலிஸும் வந்து, சர்மிளாவின் புருஷன் விஜிதரன் சேர்த்து வைத்திருந்த பழைய டிவி, உடைந்த போன், வயர் மூட்டை எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போனார்கள். இந்தச் சாமான்களை எரிப்பது குற்றம், அனுமதி பெற்றவர்களிடம் மட்டுமே கொடுக்க வேண்டும் என்று காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக் களத்தில் நோட்டீஸ் ஒட்டி மாதக்கணக்காகிறது. அனுமதி பெற்ற லொறியோ டவுனைத் தாண்டி மேலே ஏறியதே இல்லை. விஜிதரன் லயத்துக்குப் பின்னால் வயரை எரித்துச் செம்பு எடுத்தான். சாமான்களைக் கழற்றிக் கொடுத்த பெண்களுக்கும் அதில் ஏதோ கிடைத்தது. இப்போது அவன்மேல் வழக்கு.

"போன் பண்ணி மாட்டிவிட்டது ஒரு பொம்பளையாம். பொலிஸ்காரனே வாய விட்டுட்டான்," என்றான் விஜிதரன். "பொகை வருதுன்னு எங்கூட சண்டைக்கு வந்தவ இந்த லயத்துல ஒருத்திதான்."

"அங்கயிங்க தேடுனானுங்களா? நேரா உள்ள வந்து, அடுப்புக்கு மேல இருக்குற அட்டல்ல வெறகுக்குப் பின்னால கைய வுட்டானுங்க!" சர்மிளா அலறினாள். "செவுரு கூரை வரைக்கும் எட்டாத லயம். அடுத்த வீட்டுல இருக்குற இவ காது எந்நேரமும் எங்க காம்பராவுக்குள்ளதான கெடக்கு!"

பூரணி போன் பண்ணவில்லை. நோட்டீஸில் இருந்த நம்பரைத் தன் போனில் போட்டு வைத்திருந்தாள், அவ்வளவுதான். தேயிலைச் செடி கவ்வாத்து வெட்டும் மலையில் விழுந்து இடுப்பொடிந்து பாயில் கிடக்கும் அவள் புருஷன் சின்னராசா, சுவருக்கு மேலால் இறங்கும் புகையில் இருமித் துடிக்கும்போதெல்லாம் அந்த நம்பரை எடுத்துப் பார்ப்பாள். விஜிதரனின் முகம் கண்முன் வரும். போனைக் கவிழ்த்து வைத்துவிடுவாள். தன்னிடம் இல்லாமல் போன துணிச்சலுக்காகத் தன் வாசலில் மாலை தொங்குகிறதே என்பதுதான், மண்ணைவிட அதிகமாக அவள் கண்ணை உறுத்தியது.

தோட்டத் தலைவர் நாகலிங்கம் கையை உயர்த்தினார். "கத்துனது போதும். வெள்ளிக்கெழம மாரியம்மன் கோயில்ல சூடத்துல அடிச்சு சத்தியம் பண்ணட்டும். யாருன்னு தெரிஞ்சா அந்த வீட்டுக்கு எல்லாரும் புடிக்கிற பீலித் தண்ணி கெடையாது. நாளைக்கு அங்க ஒரு சாவு விழுந்தாலும் தூக்க ஒருத்தனும் போகக் கூடாது."

பூரணி உள்ளே கிடந்த பாயைத் திரும்பிப் பார்த்தாள்.

வெள்ளிக்கிழமை மாலை கோயில் வாசலில் பனி இறங்கியிருந்தது. தட்டில் சூடம் எரிந்தது.

"இவ மட்டும் இல்லீங்க தலைவரே, எல்லாப் பொம்பளைங்களும் அடிக்கட்டும்," என்றான் விஜிதரன். "எவளுன்னு தெரியட்டும். போன் புடிச்ச கைய ஒடச்சுட்டுத்தான் எனக்கு மறுவேல."

"சரி. மொதல்ல பூரணி. பொறவு சர்மிளா. அப்புறம் வரிசையா வாங்க."

"நான் எதுக்குங்க?" சர்மிளாவின் குரல் கிறீச்சிட்டது. "பறிகொடுத்தது நாங்க!"

"பொதுவுல சொன்னா எல்லாருக்குந்தான்."

"என்னா பூரணி, யோசன?" என்று பின்னாலிருந்து வேலாயி குத்தினாள். "அடுத்தவன் குடிய கெடுக்கையில வராத யோசன, சூடத்தப் பாத்ததும் வருதோ?"

யாரோ சிரித்தார்கள். பூரணி தட்டின் முன்னால் வந்து நின்றாள். செய்யாததைச் செய்யவில்லை என்று சொல்ல என்ன பயம்? ஒரே அடி. சூடம் அணையும், பழி கழுவிப் போகும், இதே வேலாயி நாளைக்குப் பீலியடியில் வழிவிட்டு நிற்பாள். அவள் கையை ஓங்கினாள்.

சுடருக்கு அந்தப் பக்கம் சர்மிளா நின்றாள். அவள் தோளில் வினோஜன் வாய் மூடித் தூங்கினான். மாதக்கணக்காய்ச் சுவருக்கு மேலால் கேட்ட அந்த விசில் சத்தம் இல்லை. மூச்சு சீராய் ஏறி இறங்கியது. சர்மிளா தன் வலக்கையை முந்தானைக்குள் சுருட்டி வைத்திருந்தாள். அவள் பூரணியைப் பார்க்கவில்லை. சூடத்தையே பார்த்தாள்.

அட்டலில், விறகுக்குப் பின்னால்.

சுவருக்கு மேலால் சத்தம் வரும், புகை வரும். எந்த மூட்டை எங்கே இருக்கிறது என்பது அந்தக் காம்பராவில் படுப்பவர்களுக்குத்தான் தெரியும்.

மண்ணை வாரித் தூற்றிய அந்தக் கையைப் பூரணிக்கு இப்போதும் பிடிக்கவில்லை. ஆனால் அது ஒடிகிற சத்தமும் அந்தச் சுவருக்கு மேலால்தான் வரும்.

"அடி பூரணி," என்றார் தலைவர்.

ஓங்கிய கையை அவள் இறக்கிக்கொண்டாள்.

"சூடத்த அணைச்சிருங்க தலைவரே. போன் பண்ணது நான்தான்."