இழுப்பறைக்குள் போன ரிமோட்

படம் காட்டும் புது ஸ்டிக்கை டிவியில் செருகியதும், பிளாஸ்டிக் உறை போட்ட பழைய ரிமோட்டை, "இனி இது எதுக்கு?" என்று இழுப்பறைக்குள் போட்டாள் திலகவதி.

இத்தனை வருஷம் இவர்களைச் சிரிக்க வைத்தது நானா, டிவியா என்று பழைய ரிமோட் தன்னையே கேட்டுக்கொண்டது.

"கவலைப்படாதீங்கண்ணே," என்று சோபாவிலிருந்து குரல் கொடுத்தது ஸ்டிக்கோடு வந்த புது ரிமோட். "என்கிட்ட நாலாயிரம் படம் இருக்கு. நீங்க ஓய்வெடுங்க."

"இதைப் பார்க்கலாமா?" என்று திரையில் ஒரு படத்தைக் காட்டினாள் திலகவதி.

"ஐயோ, அழுகைப் படம்! அடுத்ததுக்குப் போ," என்றான் கணவன் பூவலிங்கம்.

அடுத்தது, அதற்கடுத்தது என்று போய்க்கொண்டே இருந்தார்கள். ஒவ்வொரு படத்துக்கும் ஒரு கேலி, ஒரு சிரிப்பு. தட்டில் தோசை தீர்ந்தது, படம்தான் தொடங்கவில்லை.

"நல்லாப் பொழுது போச்சு. அணைச்சிடு," என்றான் பூவலிங்கம்.

திலகவதி புது ரிமோட்டின் எல்லாப் பொத்தான்களையும் அமுக்கினாள். டிவி அணையவில்லை. இழுப்பறையைத் திறந்து, பழையதை எடுத்துச் சிவப்புப் பொத்தானை அமுக்கினாள். திரை இருண்டது. இரண்டு ரிமோட்டையும் சோபாவிலேயே போட்டுவிட்டு எழுந்து போனாள்.

"அண்ணே," என்றது புதுசு, "இன்னைக்கு அவங்க யோசிக்காம அமுக்கின ஒரே பொத்தான் உங்களோடதுதான்."