ஹாலில் ஒரு கலங்கரை விளக்கம்

அச்சை உரிக்கும்போது அவள் மூச்சுவிடவில்லை.

சிலிக்கோன் அச்சு பழத்தோல் மாதிரி சுருண்டு இறங்கியது. முதலில் தெரிந்தது உச்சி. கண்ணாடியாய்த் தெளிந்த ஒரு குமிழ். அதற்குக் கீழே சிவப்புப் பட்டை. அப்புறம் வெள்ளை. மறுபடி சிவப்பு.

ஒரு சாண் உயரத்தில் கலங்கரை விளக்கம்.

விரலால் தொட்டாள். ஒட்டவில்லை.

அப்பாடா!

இதற்கு முன் வார்த்த இரண்டும் சொதப்பல். ஒன்று, தூத்துக்குடியின் கடல் ஈரத்தில் கடைசிவரை இறுகாமல் பிசுபிசுத்துக் கிடந்தது. இன்னொன்றில் ஒயருக்கு வழிவிட மறந்துவிட்டாள். ஊற்றிய ரெசின் பிசின் கல்லாக இறுகிய பிறகு என்ன செய்ய? இந்தத் தடவை உஷார். நடுவில் ஜூஸ் ஸ்ட்ராவை நிறுத்தி, சுற்றிலும் ஊற்றியிருந்தாள்.

ஸ்ட்ரா வழியே ஒயர் ஏறியது. உச்சிக் குமிழுக்குள் குட்டி பல்பு. மறுமுனை, காலிங் பெல் பெட்டிக்குள். பாட்டுப் பாடும் ஒயரை வெட்டிவிட்டு, அந்த இடத்தில் விளக்கை இணைத்தாள்.

போன வருஷத்துக் காய்ச்சல் போகும்போது அவள் காதுகளையும் கொண்டுபோய்விட்டது. பாட்டு யாருக்கு?

போன வெள்ளிக்கிழமை மாமியார் வந்திருக்கிறார். பெல் அடித்திருக்கிறார். கதவைத் தட்டியிருக்கிறார். உச்சி வெயிலில் நின்று பார்த்துவிட்டுத் திரும்பிப் போயிருக்கிறார். உள்ளே அவள் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"வேணும்னேதான் தொறக்கல. காது கேக்கலைங்கது நல்ல சாக்குல்லா?"

சொந்தக்காரர்கள் அத்தனை பேருக்கும் போன் போய்விட்டது.

வீட்டுச் சாவி ஒன்றை வைத்துக்கொள்ளச் சொல்லிக் கணவன் தன் அம்மாவிடம் கேட்டுப் பார்த்தான். வந்த பதிலை அவனே வாயசைத்துக் காட்டினான்.

"எம் மவன் வீட்டுக்கு நான் திருடி மாதிரி சாவி போட்டு வரணுமால?"

அதற்கப்புறம் அவர் இந்தத் தெருப்பக்கமே வரவில்லை.

இன்று காலை அவன் வேலைக்குக் கிளம்பும்போது, அவளுக்குப் புரியும்படி நிதானமாக உதடுகளை அசைத்தான்.

"நீ வெளக்கு செய்யுதன்னு அம்மைட்ட சொல்லிட்டேன். வந்தா வருவா."

வருவாரா?

ஹால் மேஜையில் விளக்கை நிறுத்தினாள். ஸ்விட்சைப் போட்டாள். எரியவில்லை. எரியவும் கூடாது. வாசலில் யாராவது அழுத்தினால்தானே?

அழுத்திப் பார்க்கலாம் என்று வாசலுக்குக் கிளம்பினாள்.

எரிந்தது.

சுவரெல்லாம் வெளிச்சம். ஒரு பாட்டு முடிகிற நேரம் நின்று எரிந்து, அணைந்தது.

அதற்குள் கதவுக்கு ஓடியிருந்தாள். லென்ஸ் துளையில் கண்ணை வைத்தாள்.

யாருமில்லை.

போச்சு. ஒயர் எங்கேயோ உரசுகிறது. ஆளில்லாமலே எரிகிற விளக்கை வைத்துக்கொண்டு அவள் யாரை நம்பவைக்க?

மேஜைக்குத் திரும்பினாள். ஒயரைத் தொட விரலை நீட்டினாள்.

மறுபடி எரிந்தது.

மறுபடி ஓட்டம். மறுபடி வெறும் வாசல்.

இந்த முறை அவள் நகரவில்லை. லென்ஸில் வைத்த கண்ணை எடுக்கவும் இல்லை.

ஓரத்திலிருந்து ஒரு தூக்குவாளி வந்தது. பின்னாலேயே மாமியார். சேலையை இடுப்பில் தூக்கிச் செருகியிருந்தார். தெருவை இரண்டு பக்கமும் பார்த்தார். பெல்லை அழுத்தினார். அழுத்திய வேகத்தில் விடுவிடுவென்று ஓடி மறைந்தார்.

ஓடிய பக்கம் ஜன்னல்.

அவள் மெல்லத் தலையை மட்டும் திருப்பினாள்.

ஜன்னல் கம்பிகளுக்கு நடுவே ஒரு மூக்குக் கண்ணாடி. அதன் இரண்டு வட்டத்துக்குள்ளும் குட்டிக் குட்டியாய்க் கலங்கரை விளக்கம் எரிந்தது. கண்கள் மேஜையைவிட்டு அசையவில்லை. உதடுகள் மட்டும் அசைந்தன.

"ஆத்தாடி... எரியுதுல்லா!"

தாழ்ப்பாளில் இருந்த கையை அவள் எடுத்துவிட்டாள்.

விளக்கு அணைந்தது. மூக்குக் கண்ணாடி மறுபடி பெல்லை அழுத்த அவசரமாய் வாசலுக்குத் திரும்பியது.

அவள் இரண்டே எட்டில் மேஜைக்குப் போனாள். ஒயர் எட்டியமட்டும் விளக்கை ஜன்னல் பக்கமாக நகர்த்தி வைத்தாள்.

பிறகு, வெளியிலிருந்து பார்த்தால் தெரியாதபடி, சுவரோடு ஒட்டி நின்றுகொண்டாள்.